அசையாத தூண்

மே 6, திங்கள்

வேன் டிரைவர் இன்று கேட்டேவிட்டார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு இங்க உண்மையில என்ன வேலை?"

பதினோரு வருஷமாக நிலவியலாளர் என்று கையெழுத்துப் போடுகிறேன். கல்லைப் பார்ப்பேன் என்றேன். "பாத்து?" எங்கே தோண்டலாம், எங்கே தோண்டக் கூடாது என்று சொல்வேன். "சொன்னா கேப்பாங்களா?" கேட்க வைக்கிறதுதான் பாதி வேலை என்றேன். ஏதோ பெரிய ஜோக் என்று நினைத்து ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

விடுவேனா? சுரங்கக் குழியைக் காட்டி விளக்கினேன். மேற்குச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிகள் பதித்திருக்கிறோம். நேர் எதிரே, கிழக்கு விளிம்பில் ஒரு தகரக் குடிசை. அதற்குள் கருவி. தினமும் காலையில் அங்கிருந்து ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒளியை அனுப்பினால் அது பட்டுத் திரும்பி வரும், தூரம் தெரியும். தூரம் குறைந்துகொண்டே வந்தால் சுவர் குழிக்குள் வருகிறது என்று அர்த்தம். "குறையுதா மேடம்?" குறைகிறது. வாரத்துக்கு ஒரு தீக்குச்சியின் தடிமன். "ப்பூ, அவ்வளவுதானா!" என்றார். அந்த "ப்பூ"வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நூறு ஆள் உயரச் சுவர் தீக்குச்சி அளவு நகர்ந்தால் அது ப்பூ இல்லை ஐயா.

இன்று அறிக்கையை முடித்து அனுப்பினேன். மேற்கு விளிம்பில் இருக்கும் கேன்டீனையும் ஓய்வுக் கொட்டகையையும் உடனே கிழக்கு விளிம்புக்கு மாற்ற வேண்டும் என்று. கேன்டீனை நடத்துவது என் அக்கா. இந்தக் குழிக்கு அவளைக் கூட்டிவந்ததும் நான்தான். நாளைக்கு அவளிடம் சொல்ல வேண்டும். இதற்கு மேற்குச் சுவரே தேவலை.

மே 7

சொன்னேன். கரண்டி என் மேல் வரவில்லை. அவ்வளவுதான் நல்ல செய்தி.

மே 11, சனி

கேன்டீன் மாறியாயிற்று. டிராக்டரில் அண்டா குண்டாக்களுக்கு நடுவே அக்கா நின்றுகொண்டு வந்த வரவு இருக்கிறதே, குழியே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. "அடுப்பைத் தூக்கி இங்க வை, அங்க வைன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பு! இதுக்கா அஞ்சு வருஷம் காலேஜுல மண்ணைத் தின்னே, மண்ணாங்கட்டி?" மண்ணாங்கட்டி என்பது நான் இந்தப் படிப்பில் சேர்ந்த அன்றைக்கு அவள் எனக்கு வைத்த பெயர். இங்கே எல்லோருக்கும் நான் கல்லு மேடம். இரண்டில் எது மரியாதை என்று இன்னும் தெரியவில்லை.

காலையில் சாமான் ஏற்றும்போதும் இதே பாட்டுதான். "உயிர் வேணும்னா அந்தப் பக்கம் வா. வேணாம்னா இங்கயே கெட" என்றேன்.

"வரேண்டி, வரேன். நீ சொல்லி நான் எதைக் கேக்காம இருந்திருக்கேன்?"

அப்பட்டமான பொய். பிறந்ததிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் கேட்டதில்லை. இது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறாள்.

இதில் வாயெல்லாம் பல்லாக நின்ற ஒரே ஆள் சர்வேயர். அவரை இங்கே யாரும் சர்வேயர் என்றுகூடக் கூப்பிடுவதில்லை, பூஜ்யம் என்றுதான். அளக்க ஆரம்பிக்கும் முன் கருவியைத் திருப்பி, குடிசைக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் சிமெண்டுத் தூணைப் பார்ப்பார். அதுதான் எங்கள் அசையாத தூண். கருவிக்கும் தூணுக்கும் நடுவில் தூரம் மாறாமல் இருந்தால் கருவி நின்ற இடத்தில் நிற்கிறது, மற்ற அளவுகளை நம்பலாம். தினமும் பார்த்துவிட்டு, பரிசு விழுந்த மாதிரி "பூஜ்யம்!" என்று கத்துவார். வித்தியாசம் பூஜ்யம்.

புதுக் கேன்டீன் அவர் குடிசைக்கு அடுத்த வாசல். மத்தியானத்துக்குள் மூன்று டீ குடித்துவிட்டார். "டீத்தூள் தீந்துடும் சார்" என்றாள் அக்கா. "தீரட்டுங்க. அப்பவாவது நீங்க உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுவீங்க" என்றார். சொல்லிவிட்டு, ஐம்பதை நெருங்கும் மனுஷன், காதுவரை சிவந்துபோனார். அக்கா ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை எடுத்து மறுபடி தேய்த்தாள். அத்தான் போய் எட்டு வருஷமாகிறது. அக்காவுக்கு வெட்கம் வரும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மே 14

பகல் முழுக்கக் கல் கொட்டகையில். கிழக்குப் பக்கம் துளை போட்டு எடுத்த கல் உருளைகள் பெட்டி பெட்டியாக வந்திருக்கின்றன. கழுவி, அளந்து, உடைத்து, லென்சில் பார்த்து, ஒவ்வொரு சாணுக்கும் என்ன கல் என்று எழுத வேண்டும். படிக்கும்போது மலை ஏறுவோம், எரிமலை பார்ப்போம் என்று நினைத்தேன். கிடைத்தது முதுகு வலி.

கல்லுக்கு நடுவே கறுப்பாக ஒரு விரல்கனச் சேறு. கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டு முன்பல்லால் அரைத்தேன். நறநறத்தால் மணல் கலந்தது. இது நறநறக்கவே இல்லை, வெண்ணெய்போல் வழுக்கியது. சுத்தக் களிமண். கிழக்குத் துளைகள் எல்லாவற்றிலும் இந்தக் களி வருகிறது, குழியை நோக்கிச் சரிந்தபடி. குறித்து வைத்தேன். கிழக்கை நாங்கள் அளப்பதில்லை. அளக்க வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

கறுத்த பல்லோடு டீக்குப் போனேன். "கருமம்! வாயைக் கொப்பளிச்சிட்டு வா, இல்லன்னா டம்ளரைத் தொடாதே" என்று துரத்திவிட்டாள்.

மே 19, ஞாயிறு

விடுமுறை. சும்மா இருக்க முடியாமல் மேற்குச் சுவருக்குப் போனேன். பழைய வெடிப்புகளின் மேல் போன வருஷம் நானே சாந்துப் பட்டை பூசி வைத்திருக்கிறேன். வெடிப்பு ஒரு மயிரிழை விரிந்தாலும் பட்டை உடையும். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை. புது வெடிப்பு இல்லை, கல் உதிரவில்லை, தண்ணீர் கசியவில்லை.

நகர்கிற சுவர் இப்படியா இருக்கும்? கருவி நகர்கிறது என்கிறது. கல் இல்லை என்கிறது. யாரை நம்ப?

கருவியைத்தான் நம்பினேன். கருவிக்கு வாய் ஜாலம் கிடையாதே.

மே 21

எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். உச்சிக் கண்ணாடியும் அதே அளவு. அடியில் இருப்பதும் அதே அளவு. தெற்கு ஓரத்தில், இரும்பு மாதிரிக் கெட்டிப் பாறையில் அடித்து வைத்ததும் அதே அளவு. சரிகிற சுவர் ஓரிடத்தில் அதிகமாக, ஓரிடத்தில் குறைவாக, கோணல்மாணலாகத்தான் வரும். இத்தனையும் ஒரே அளவா? மலை என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளா, கையைக் கோத்துக்கொண்டு வரிசையில் வர?

பூஜ்யத்திடம் கேட்டேன். கருவியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி, தூணைப் பார்த்தார். "பூஜ்யம் மேடம். சத்தியமா பூஜ்யம்." அவர் முகத்தில் சின்ன வருத்தம், நான் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று.

மேனேஜர் ஒரு வார்த்தையில் முடித்தார். "சுவர் வருது. நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் இருக்காங்க. அப்புறம் என்ன?" ஆமாம், அப்புறம் என்ன? ஆனால் ஏதோ நெருடுகிறது.

மே 25, சனி

மூன்று நாளாக அடைமழை. கேன்டீன் சாமான் அறைக் கதவு மூடவே மாட்டேன் என்கிறதாம். "தச்சன் ஏமாத்திட்டான். வந்து பத்து நாள்ல நிலை கோணிடுச்சு" என்று காலையிலிருந்து அவனை வறுத்தெடுக்கிறாள். மழையில் மரம் ஊதியிருக்கும் என்றேன்.

அப்புறம் அவளாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவர் கேட்டாரு."

"எவர்? என்ன கேட்டாரு?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. உன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

"என்கிட்டயா? உன் கல்யாணத்துக்கு நான் என்ன பெரிய மனுஷியா?"

"வேற யாருடி இருக்கா எனக்கு?"

நான் கிண்டல் பண்ணத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. "சரின்னு சொல்லுக்கா" என்றேன். அவள் எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமே இல்லாத பாத்திரத்தைக் கிண்டினாள்.

மே 28

வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பஸ் நிலையத்தில் வேன் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பஸ் பின்னால் போனது. எங்கள் வேன்தான் முன்னால் போகிறது என்று நினைத்து டிரைவர் பிரேக்கைப் போட்டு மிதித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அவர்கள் நகர்ந்தால் நாம் நகர்வதாகத் தோன்றும். அப்படியானால் நாம் நகர்ந்தால்?

எதிர்ச்சுவர் முழுதும் ஒரே அளவில் நம்மை நோக்கி வருகிறது — இல்லை. நாம் போகிறோம். நாம்தான் போகிறோம்.

ஆனால் தூண் பூஜ்யம் காட்டுகிறதே? தூணும் கூடவே வந்தால்? கருவியும் தூணும் ஒரே மண்ணில் நின்றால், சேர்ந்து நகர்ந்தால், நடுவில் என்ன வித்தியாசம் வரும்? ஒன்றும் வராது. நூறு வருஷம் பார்த்தாலும் பூஜ்யம்தான்.

வேனிலிருந்து இறங்கியதும் தூண் இருக்கும் மேட்டைத் தாண்டி, பின்னால் முள்காட்டுக்குள் ஓடினேன். அங்கே யாரும் போவதில்லை. குழி முன்னால் இருக்கிறது, எல்லோரும் முன்னால்தானே பார்ப்போம்? கை காலெல்லாம் கீறிக்கொண்டு போய்ப் பார்த்தால் — இருக்கிறது. புல் மூடிய பள்ளம். ஒரு சாண் அகலம். வில் மாதிரி வளைந்து இரண்டு முனையும் குழியின் விளிம்புக்கே போகின்றன. செடி வேர்கள் குறுக்கே இழுபட்டு விறைத்து நிற்கின்றன. அளவுகோலை உள்ளே விட்டேன், முழுதும் போனது, தட்டவில்லை.

தூண், குடிசை, ஓய்வுக் கொட்டகை, கேன்டீன் எல்லாமே அந்த வில்லுக்கு உள்ளே. அடியில் அந்தக் கறுப்புக் களி. அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனவள் நான். ஐயோ, நானே இத்தனை பேரையும் கொண்டுவந்து அதன் மேல் உட்கார வைத்திருக்கிறேனே. அக்காவை. பாதுகாப்பான இடம் என்று எழுதிக் கொடுத்து.

மே 29

மேனேஜரை முள்காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். தாடையைச் சொறிந்தார். "இது எப்பவோ கேபிள் போட வெட்டினது மாதிரி இருக்கே."

"எங்க சார் கேபிள்? காட்டுங்க."

"கோபப்படாதீங்க. ஆறு வாரமா மேற்கு மேற்குன்னு நீங்கதான் எழுதினீங்க. நானும் மேலே சொன்னேன். இப்ப கிழக்குங்கறீங்க. அடுத்த வாரம் வானம் இடியுதுன்னு வருவீங்களா?"

நியாயமான கேள்வி. அதுதான் எரிச்சல். கெட்ட மனுஷன் இல்லை அவர். குழியை நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் அவரைத் தோலை உரித்துவிடுவார்கள். கிழக்குச் சுவரின் அடியில்தான் இப்போது முழு வேலையும் நடக்கிறது, இரண்டு இயந்திரம், டம்பர் லாரிகள், ஷிப்டுக்கு முப்பது பேருக்கு மேல். "வெளிய ஒரு கெட்டியான இடத்துலேருந்து அளந்து நம்பர் கொடுங்க. கிழக்கு நகருதுன்னு நம்பர் சொன்னா அந்த நிமிஷமே நிறுத்துறேன்" என்றார்.

நம்பர். நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாஷையிலேயே பேசுகிறார்.

மே 30

அக்காவிடம் போனேன். "கேன்டீனை மூடு. இப்பவே கெளம்பு."

"என்னடி விளையாடுறியா? அன்னிக்கு அந்தப் பக்கம் சாவுன்னே. தூக்கிட்டு வந்தேன். இன்னிக்கு இந்தப் பக்கம் சாவா? எந்தப் பக்கம்தான் உயிரோட இருக்கறது?"

விளக்க ஆரம்பித்தேன். கருவி, தூண், களி... அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கத்திக்கொண்டே அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கத்தி கீழே விழுந்தது. அப்படியே முள்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தினேன். அவள் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். ரொம்பக் கீழே எங்கேயோ சின்னதாக ஒரு சத்தம்.

ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்ணாங்கட்டி என்றுகூடச் சொல்லவில்லை. நேராகப் போய் வெந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டு அடுப்பை அணைத்தாள். "அவருக்கும் சொல்லு" என்றாள்.

சொன்னேன். குடிசையில் உட்கார்ந்து கேட்டார். ரொம்ப நேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் இத்தனை நாளா கத்தினதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். இனிமேல் குடிசைக்கு வரக் கூடாது என்றேன். "கருவியை எடுத்துட்டு வந்துடறேன் மேடம். அது இல்லாம எப்படி நம்பர் கொடுப்பீங்க?"

ஜூன் 1, சனி

அக்கா குழிக்கு வடக்கே, கேட்டுக்கு வெளியே ஒரு ஷெட்டில் அடுப்பை மூட்டிவிட்டாள். மேனேஜர் சுற்றறிக்கை அனுப்பினாலும் நகராத கூட்டம், டீ நகர்ந்ததும் பின்னாலேயே நகர்ந்துவிட்டது. ஓய்வுக் கொட்டகையில் இப்போது ஒரு நாய்கூட இல்லை. மேனேஜருக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை.

ஆனால் கீழே, கிழக்குச் சுவரின் அடியில் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த அறையில் உட்கார்ந்தாலே அந்தச் சத்தம் கேட்கிறது. அது நின்றால் சரிந்துவிட்டதோ என்று பயம், ஓடினால் இன்னும் தோண்டுகிறார்களே என்று பயம்.

ஜூன் 3

வடக்குப் பாறையில் கருவியை நிறுத்தினோம். இந்த முறை நான் எதையும் நம்பவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து சுத்தியலால் தட்டி, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியையும் அதற்கப்பால் மலை உச்சியையும் பார்த்து, பாறை நிற்கிறது என்று உறுதி பண்ணிக்கொண்டேன். பூஜ்யம் போய்க் குடிசைக்குப் பின்னால் நிற்கும் அந்த அசையாத தூணின் மேல் ஒரு கண்ணாடியை எங்களைப் பார்க்கிற மாதிரிப் பூட்டிவிட்டு வந்தார். சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று நான் வாக்கி-டாக்கியில் உயிரை வாங்கினேன்.

திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். "மேடம், இது முடிஞ்சதும் ஒரு வாரம் லீவு வேணும்." எதுக்கு என்று வேண்டுமென்றே கேட்டேன். "அக்காகிட்ட கேட்டுக்கங்க" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 4

முதல் வித்தியாசம் கிடைத்தது. கிழக்குதான். தீக்குச்சி இல்லை, கட்டைவிரல் தடிமன். ஒரே நாளில். மேனேஜர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு அளவு. ஒன்னை மட்டும் வெச்சு மேலே பேச முடியாது." கத்தினேன். மேசையைத் தட்டினேன். கீழே வேலை செய்பவர்களைப் பாதியாகக் குறைத்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

ஜூன் 5

மழை. கருவிக்கு எதுவும் தெரியவில்லை. அளவு இல்லை.

ஜூன் 6

அவர் போய்விட்டார்.

ஜூன் 9

எழுதினால்தான் மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

அன்று காலை மழை விட்டது. வடக்குப் பாறையில் நான் கருவியில் இருந்தேன். கிழக்குச் சாலையில் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ள பூஜ்யம் பள்ளத்துக்கு வெளியே, மரத்தடியில் நின்றிருந்தார். நல்ல இடம். அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கும் இருப்பார்.

குடிசைத் தூணைப் பார்த்தேன். ஒரு கை அகலம் நகர்ந்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. சைரனை அழுத்தச் சொன்னேன். கீழே இருந்தவர்கள் இயந்திரங்களை அப்படியே போட்டுவிட்டு ஏறி வந்தார்கள். கடைசி டம்பர் மேலே வந்துவிட்டது என்று குரல் கேட்டது. அப்போது மேனேஜர் வாக்கி-டாக்கியில், "உறுதிதானே? இன்னொரு தடவை பாத்துச் சொல்லிடுங்க, மேலே போன்ல இருக்காங்க" என்றார்.

மறுபடி பார்த்தேன். கண்ணாடியிலிருந்து ஒளி திரும்பவில்லை. மறுபடி. இல்லை. எங்கள் தொழிலில் இது தினசரிக் கதை. மழை பெய்து விட்டால் கண்ணாடியில் சேறும் பனியும் படியும், யாராவது போய்த் துணியால் துடைப்பார்கள், சரியாகிவிடும். எத்தனை தடவை துடைத்திருக்கிறோம். பொத்தானை அழுத்தி, "குடிசைக் கண்ணாடி சிக்னல் தரல. அழுக்கு போல" என்றேன்.

"ஒரு நிமிஷம் மேடம். துடைச்சிட்டு வந்துடறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கருவியில் கண்ணை வைத்துக்கொண்டு எண் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண் வேண்டும், எண் வேண்டும் என்று ஒரே நினைப்பு. கருவிக்குள் அவர் வேகமாக நடந்து போவது தெரிந்தது. பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டினார். தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தோளில் துணி. குனிந்து பார்த்தார். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. கண்ணாடியை நேராகப் பார்க்கிற ஆள் என் பக்கம் முதுகைக் காட்ட வேண்டும். காட்டவில்லை. அப்போதுதான் புரிந்தது. அழுக்கு இல்லை. தூண் திரும்பிவிட்டது.

"மேடம், கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இது..."

நான் பொத்தானை அழுத்துவதற்குள் கருவிக்குள் ஒன்றுமே இல்லை. புழுதிதான். சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஜூன் 10

அக்கா அழவில்லை. ஷெட்டின் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். நான் போனால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

ஜூன் 21

விசாரணைக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நீங்கள் எச்சரிக்காமல் விட்டிருந்தால் கீழே முப்பது பேர் இருந்திருப்பார்கள் என்றார்கள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் குரல் உடைந்து, "இவங்க இல்லன்னா..." என்றார். வேன் டிரைவர் காலில் விழப் போனார். அவர் மச்சான் அன்றைக்குக் கீழே இருந்திருக்கிறான். போங்க ஐயா, போய் வண்டியை எடுங்க என்று எரிந்து விழுந்தேன்.

யார் அவரைக் குடிசைக்குப் போகச் சொன்னது என்று கேட்டார்கள். அவரே போனார் என்று எல்லோரும் சொன்னார்கள். வாக்கி-டாக்கியில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவரே போனார். எழுதிக்கொண்டார்கள்.

ஜூலை 8

தினமும் ஷெட்டில்தான் சாப்பிடுகிறேன். அக்கா தட்டு வைக்கிறாள், சோறு போடுகிறாள், போய்விடுகிறாள். பேச்சு இல்லை. திட்டுக்கா, ஒரு தடவை திட்டிவிடு என்று கேட்டேன். தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

வடக்குப் பாறையில் புதுக் குடிசை கட்டியாயிற்று. மேற்குச் சுவர் அப்படியே நிற்கிறது. ஒரு மயிரிழை அசைவில்லை. புதிதாக வந்திருக்கும் சர்வேயர் சுறுசுறுப்பான ஆள், எதற்கும் முன்னால் ஓடுவார்.

இன்று காலை மேற்கு உச்சியில் ஒரு கண்ணாடி சிக்னல் தரவில்லை. "அழுக்கா இருக்கும் மேடம். ஓடிப்போய்த் துடைச்சிட்டு வந்துடறேன்" என்று துணியை எடுத்துத் தோளில் போட்டார்.

"உக்காரு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. போகாதே, எங்கேயும் போகாதே, உக்காரு என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டே இருந்தேனாம். அவர் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவம், முகம் வெளுத்துப்போனது. அப்புறம் தொலைநோக்கியில் பார்த்தேன். கண்ணாடி நேராகத்தான் இருந்தது. மேலே காக்கை எச்சம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். அக்கா தட்டை வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"காலையில கத்தினியே" என்றாள். "இங்க வரைக்கும் கேட்டுது."

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னிக்கும் இப்படிக் கத்தியிருக்கலாமேடி."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.